கயிற்றின் மறுமுனை

பறவைகள் சத்தம் போடவில்லை. ஜூலை மாதத்தில் அந்தச் செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு வந்தால், கீழேயிருந்து ஆயிரக்கணக்கான கடற்பறவைகளின் கூச்சலும், மீன் எண்ணெயும் எச்சமும் கலந்த வாடையும் ஒன்றாக எழும்பி முகத்தில் அறையும். இன்று வாடை மட்டும்தான் வந்தது. பறவைகள் இருந்தன. அத்தனையும் பாறை இடுக்குகளில் ஒடுங்கி உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தன.

லாக்லன் அதைப் பயணிகளிடம் சொல்லவில்லை. கோடை முழுக்க ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவிலிருந்து படகில் ஆட்களைக் கூட்டிவந்து, யாரும் குடியில்லாத இந்தத் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவன் பிழைப்பு. பன்னிரண்டு வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அந்த நல்ல பெயரில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்று வந்திருந்தவர்கள் ஒன்பது பேர்.

ரொட்டியும் தேநீரும் முடிந்ததும் வழக்கமான வேடிக்கையைத் தொடங்கினான். நீளக் கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டி, குதிகால்களைப் புல்தரையில் ஊன்றிக்கொண்டு, மறுமுனையை விளிம்புக்கு அப்பால் வீசினான்.

"அந்தக் காலத்துல இந்தத் தீவுல இருந்த எங்க ஆளுங்க இப்படித்தாங்க பறவை முட்டை எடுக்க இறங்குனாங்க. கீழ ஒருத்தன், மேல ஒருத்தன். மூணு தடவை சுண்டுனா, தூக்குன்னு அர்த்தம். மேல நிக்கிறவன் எது வந்தாலும் கயித்த விடக் கூடாது."

"எத்தனை பேரு விழுந்தாங்க?" என்று கேட்டார் ஃபெர்கஸ். கிளாஸ்கோவில் பஸ் ஓட்டுகிறவர்; காலையிலிருந்து எல்லாரையும் கிண்டலடித்துக்கொண்டே வந்தவர்.

"யாருங்க எண்ணி வச்சா?"

கயிறு கனத்தது.

முதலில் காற்று என்று நினைத்தான். பிறகு ஏதோ பாறையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்தான். பாறையில் சிக்கினால் கயிறு அப்படியே நிற்கும். இது மெல்ல மெல்ல, ஆள் ஏறுகிற மாதிரி இறுகியது. குதிகால்கள் மண்ணுக்குள் இறங்கின.

"நடிப்புன்னா இது நடிப்பு! முகமே வெளுத்துப்போச்சு பாருங்க," என்றார் ஃபெர்கஸ்.

ஒரு சுண்டு. இன்னொன்று. மூன்றாவது.

லாக்லன் தலையைத் திருப்பி எண்ணினான். எட்டு. மறுபடி எண்ணினான். எட்டுதான். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட இஷ்பெல்லைக் காணவில்லை. எடின்பரோவில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வந்தவர். படம் எடுக்கப் போகிறேன் என்றபோது, ஓரத்துக்குப் போகாதீங்கம்மா, வழுக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினான். கால் சறுக்கியிருக்கிறது. கீழே எங்கோ ஒரு பாறை முனையில் தொங்கிக்கொண்டு, கையில் அகப்பட்ட கயிற்றைப் பிடித்திருக்கிறார்.

"இஷ்பெல்லம்மா! கெட்டியாப் புடிச்சுக்குங்க!"

நனைந்த கம்பளியின் வாடை மட்டும் மேலே வந்தது.

"எல்லாரும் வாங்க! கயித்தப் புடிங்க, இழுங்க!"

சிரித்துக்கொண்டே வந்து அவனுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஃபெர்கஸ் குரல் கொடுத்தார். "ஒண்ணு... ரெண்டு... இழு!" எட்டுப் பேரும் லாக்லனும் சேர்ந்து இழுத்தும் கயிறு ஒரு முழம்தான் வந்தது. மறுபடி ஒரு முழம். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கனமா? கேள்வியை மனத்துக்குள்ளேயே அமுக்கினான். இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"என்னப்பா இது, நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்களா?"

குரல் பின்னாலிருந்து வந்தது.

மஞ்சள் மழைக்கோட்டு. கழுத்தில் கேமரா. கையில் பாதி கடித்த ரொட்டி.

ஒன்பது பேரும் மேலேதான் இருந்தார்கள்.

"விடுங்க!" என்று அலறினான் லாக்லன். "விட்டுடுங்க எல்லாரும்!"

"எது வந்தாலும் விடக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன!" ஃபெர்கஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்களும் வாங்கம்மா, ஒரு கை கொடுங்க."

இடுப்பு முடிச்சை விரல்களால் பிறாண்டினான். கனம் ஏறி இறுகிப்போயிருந்தது. பின்னாலிருந்து இழுத்தார்கள். கீழிருந்தும் இழுத்தது.

விளிம்பில் ஒரு கை வந்து புல்லைப் பற்றியது. நீரில் ஊறி வெளுத்த கை. நகங்கள் இல்லை.

முன்னால் நின்றதால் அவனுக்கு மட்டும்தான் கீழே தெரிந்தது. அந்தக் கைக்கு உரியவனின் கணுக்காலை இன்னொருவன் பிடித்திருந்தான். அவன் கணுக்காலை இன்னொருவன். அவனுடையதை ஒரு சிறுவன். ஒருவர் காலை ஒருவர் பிடித்தபடி, பாறை நெடுக, கடல்வரை. கடலிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு... ரெண்டு..."

ஒன்பது பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.