சிவலையின் கார்பரேட்டர்

போன் அடித்தது!

ராகவேந்திரா திடுக்கிட்டான்.

கிளென் வேவர்லியில் பட்டப்பகல். லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் இப்போதெல்லாம் போன் அடித்தாலே அவன் முதலில் கராஜ் பக்கம்தான் திரும்பிப் பார்த்தான்.

மீட்டிங்கை மியூட் செய்தான்.

"ஹலோ?"

"கார்பரேட்டர் விளம்பரம் பார்த்து மெசேஜ் போட்டது நீங்களே? நான் சிட்னியில இருந்து மிருணாளினி கதைக்கிறன். பிளாக்டவுன்."

"ஆமா! ஆமாங்க! வித்துடலையே?"

"இன்னும் இல்லை. ஆனா கன பேர் போன் எடுக்கினம்..."

"யாருக்கும் குடுத்துடாதீங்க! அடியில ஒரு நம்பர் இருக்கும். கொஞ்சம் படிங்க, ப்ளீஸ்!"

படித்தாள். கடைசி எழுத்து B.

போனோடு கராஜுக்கு ஓடினான். உறையை உருவிப் போட்டு பானட்டைத் தூக்கினான். உள்தகட்டில், என்றோ தொழிற்சாலையில் யாரோ மஞ்சள் பெயிண்டால் கிறுக்கிய எண்.

அதே எண். அதே B!

"அதேதாங்க! நாளைக்கே ஃபிளைட்ல வர்றேன்!"

ரொம்பத்தான் குஷி! ஆனால் அந்தக் கார் அவனுடையது இல்லை.

எழுபத்தொன்றாம் வருடத்து, பெரிய எஞ்சின் வைத்த வி-8 மசில் கார். இப்போதைய கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் அசல் ஆரஞ்சு நிறம். சொந்தக்காரன் அருந்தவன். செந்நிற மாட்டுக்கு வைப்பதுபோல் 'சிவலை' என்று பெயர் வைத்துச் சீராட்டியவன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆயுத பூசை அன்று, கிரான்பர்னில் அருந்தவனின் கராஜில் நின்று ராகவேந்திரா கெஞ்சினான்.

"எனக்குக் குடுத்துடு, அருந்தவா!"

"என்ர கிட்னியைக் கேள், தாறன். சிவலையைக் கேளாதை!"

சொல்லிவிட்டு அருந்தவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இவனுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பேனர் கையில் அகப்பட்டது...

ஒரே அடி!

அருந்தவன் இரண்டு தரம் இருமினான். அடங்கிவிட்டான்.

மனைவி தாட்சாயினி கோயிலுக்குப் போயிருந்தாள். பாவி, காரைக் கிளப்பப் பார்த்தான். கிளம்பவில்லை. பானட்டைத் திறந்தால்... எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்பரேட்டரைக் காணோம்! கராஜ் முழுக்கத் தேடினான். கிடைக்கவில்லை. அங்கிருந்த டிரெய்லரைத் தன் காரில் மாட்டி, சிவலையை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

யாரோ கார் திருடர்களின் வேலை என்று ஊர் நம்பியது. துக்க வீட்டில் தாட்சாயினி கையாலேயே பிளேன் டீ வாங்கிக் குடித்தான். கல் நெஞ்சக்காரன்!

ஆனால் சிவலை விடவில்லை.

எந்தக் கார்பரேட்டரைத் தேடிப்பிடித்து மாட்டினாலும் இரண்டு தரம் இருமியது. அடங்கியது. அருந்தவனைப் போலவே!

கராஜ் பூட்டியிருக்கும்போதும் அந்த இருமல் கேட்டது. குளிக்கும்போது கேட்டது. மீட்டிங்கில் யாராவது இருமினால் சட்டை நனைந்தது.

துபாயில் ஒரு பணக்காரர் காரைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளத் தயார். கேள்வி கேட்காத மனிதர். ஒரே நிபந்தனை, பானட்டில் எழுதிய எண்ணுள்ள ஒரிஜினல் கார்பரேட்டர் வேண்டும். அது மட்டும் கிடைத்தால் போதும், தடயமும் தொலையும், பேயும் தொலையும்!

மறுநாள். பிளாக்டவுன்.

கதவைத் திறந்தவள் மிருணாளினி.

"வாங்கோ. கதிரையில இருங்கோ. அந்தா, மேசையில இருக்கு."

பேப்பரில் பொதிந்திருந்ததைப் பிரித்தான். எண் சரி. தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தான்.

உள்ளே சிவப்பு. திட்டுத்திட்டாக!

"ஐயோ... ரத்தம்!"

"குங்குமம், அண்ணா."

குரல் சமையலறையிலிருந்து வந்தது. பின்னாலேயே பிளேன் டீயோடு வந்தாள், தாட்சாயினி!

"அவர் கழட்டிக் கழுவி, பொட்டு வைச்சு, ஆயுத பூசைக்குச் சாமி அறையில வைச்சவர். நீங்க கராஜ் முழுக்கத் தேடியிருப்பீங்கள். சாமி அறையைப் பார்க்கேல்லை."

ராகவேந்திராவே வருடாவருடம் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிறவன்தான். அன்றைக்கு அது தோன்றவில்லையே!

"தாட்சாயினி... நீங்க தப்பா... இந்த மாடல் கார் ஊர்ல எத்தனையோ ஓடுது! அதுல ஒண்ணு நான் வாங்கியிருக்கேன்!"

"ஓம், ஓடுது. அதுகள் எல்லாத்துக்கும் D எழுத்துக் கார்பரேட்டர். சிவலையைச் செய்த நாளில தொழிற்சாலையில அது முடிஞ்சுபோய், பழைய B ஒண்டை எடுத்துப் பூட்டி விட்டவங்களாம். அவர் சொல்லிச் சொல்லி என்ர காது புண்ணாப் போன கதை!"

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்ர சிநேகிதி இவள் மிருணாளினியின்ர பேரில, இந்த மாடல் காருக்கெண்டு போட்ட விளம்பரம் பார்த்த அவ்வளவு பேரும் போன் எடுத்து, 'இந்தக் காருக்கு இது பிழையான கார்பரேட்டர்' எண்டு இவளுக்குப் புத்தி சொன்னவை. 'அதேதான்' எண்டு ஓடி வந்தது நீங்க ஒராள்தான், அண்ணா!"

அவன் கார்பரேட்டரைத் திருப்பி, அந்த B-யைப் பார்த்தான்.

ஆனாலும் மூளை கணக்குப் போட்டது. ஒரு எழுத்து... அது போதுமா? மறுத்துவிடலாம். இப்படியே எழுந்து...

அப்போது, சாத்தியிருந்த உள் அறைக்குள்ளிருந்து...

ஒரு இருமல்!

இன்னொரு இருமல்!

கார்பரேட்டர் கை நழுவி விழுந்தது.

"அருந்தவா! இருமாதடா! வேணும்னு அடிக்கலடா! நீ சிரிச்சே... ஸ்பேனர் கையில இருந்துச்சு... சிவலையும் உன்னை மாதிரியே இருமுது... என் கராஜ்லதான் இருக்கு, எடுத்துக்கோ! என்னை விட்டுடு!"

கதவு திறந்தது.

கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி ஒருவர் வந்தார். இன்னொரு கையில் போலீஸ் அடையாள அட்டை.

"டிடெக்டிவ் பிரதீப்குமார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ரெண்டு நாளாத் தடிமன். மிச்சத்தை ஸ்டேஷனில சொல்லுவம், எழும்புங்கோ."

ராகவேந்திரா நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"கா... கார்லயா?"

தாட்சாயினி கண்ணைத் துடைத்தாள். குனிந்து கார்பரேட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதேங்கோ அண்ணா. இவர் கொண்டு வந்தது எலெக்ட்ரிக் கார். கார்பரேட்டரும் இல்லை, இருமவும் மாட்டாது!"