மண்டைக்குள் ஒரு மாமனார்!

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"சார்... ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸ் பேசறேன். ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தர் கொலையை ஒத்துக்கிட்டாரு!"

"யாரு?"

"பேஷண்ட்! மண்டை திறந்திருக்கு... ஆனா முழிச்சுக்கிட்டுப் பேசறாரு சார்!"

பேஷண்ட் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மூளையில் கட்டி. பேச்சு கெடாமல் வெட்ட வேண்டும் என்பதால், விழித்திருக்கும்போதே ஆபரேஷன்.

அவருடைய மாமனார் போன மாதம் மாடிப்படியில் உருண்டு செத்திருந்தார். விபத்து என்று இன்ஸ்பெக்டரே மூடிய கேஸ்!

கான்ஸ்டபிளோடு ஜீப் பறந்தது.

தியேட்டர் வாசலில் நர்ஸ் மறித்தாள்.

"துப்பாக்கி, பேட்ஜ், பெல்ட்... எல்லாத்தையும் கழட்டுங்க. உள்ளே ஸ்கேன் மெஷின் இருக்கு. ராட்சஸக் காந்தம்!"

"பெல்ட்டுமா?"

"உங்களையும் சேர்த்து இழுத்துடும் சார்."

பச்சை கவுனோடு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி நுழைந்தார் இன்ஸ்பெக்டர்.

துணிகளுக்கு நடுவே மெக்கானிக்கின் முகம் மட்டும் தெரிந்தது.

"மழை... மாமனார்... கொலை! நான்தான்... கட்டிலுக்கு அடியில... மறைச்சேன்!"

"அடப்பாவி!"

"சத்தம் போடாதீங்க!" டாக்டரம்மா அதட்டினார். "மண்டையைத் திறந்ததும் மூளை கொஞ்சம் நகர்ந்துடும். பழைய ஸ்கேனை நம்ப முடியாது. இப்போ புதுசா எடுக்கணும்."

மேஜை காந்த வளையத்துக்குள் நகர்ந்தது.

டங்... டங்... டங்...!

திரையில் படம் விரிந்தது. பேச்சுக்கான இடத்தை ஒட்டி, மிளகளவு வெள்ளைப் புள்ளி!

"இன்னும் மிச்சம் இருக்கு. எடுத்துடலாம்."

"எடுக்காதீங்க!" இன்ஸ்பெக்டர் பதறினார். "அது என் சாட்சி!"

"அது கட்டி!"

"எடுத்தா மறந்துடுவான்!"

"விட்டா செத்துடுவாரு. அப்புறம் யாரை விசாரிப்பீங்க?"

இன்ஸ்பெக்டர் பேண்ட்டை இழுத்துப் பிடித்தபடி ஓரமாக நகர்ந்தார்.

மேஜை வளையத்தை விட்டு வெளியே வந்தது. டாக்டரம்மாவின் கை இறங்கியது. ஒரு நூல் தப்பினால் மெக்கானிக் ஊமை!

ஒரு நிமிஷம்... இன்னொரு நிமிஷம்...

மறுபடி ஸ்கேன். புள்ளி இல்லை!

"இப்போ பேசுங்க," என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக் உதட்டைக் குவித்தார்.

"கொ... கு... குடை!"

"என்னது?"

"மாமனாரோட குடை சார்! மழைக்கு எடுத்துட்டுப் போய் உடைச்சுட்டேன். திட்டுவாரேன்னு கட்டிலுக்கு அடியில மறைச்சேன்!"

"அப்போ கொலை?!"

"கட்டி அழுத்தினதுல வார்த்தை தடம் மாறியிருக்கு," டாக்டரம்மா சிரித்தார்.

இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கியது. பேண்ட்டும்.

அப்போது...

வெளியே ஓர் அலறல்!

இன்ஸ்பெக்டர் ஓடினார். மெக்கானிக்கின் மச்சினன் தடாலென்று அவர் காலில் விழுந்தான்.

"மாமா ஒத்துக்கிட்டாராமே... கான்ஸ்டபிள் சொன்னாரு! அவரை விட்டுடுங்க சார்! என்னைக் காப்பாத்தத்தான் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு!"

"உன்னையா?"

"அப்பாவைப் படியிலேர்ந்து தள்ளினது நான்தான்!"

"ஏன்டா?!"

"என் மீசையைக் கரப்பான் பூச்சின்னு சொல்லிட்டாரு சார்..."

விலங்கு மாட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர் தியேட்டர் கதவில் தலையை நீட்டினார்.

"டாக்டர்... ஸ்டேஷன்ல நாலு பேரு வாயே திறக்காம உக்காந்திருக்கானுங்க. நாளைக்கு தியேட்டர் காலியா?"