ஒரே பேசி பயன்படுத்திய ஆள், நல்ல நிலையில்

"கொஞ்சம் சன்னல் பக்கம் திரும்புங்க சார். வழுக்கை தெரியுது."

நல்லசிவம் திரும்பினார். அவருடைய கைப்பேசி அவர் தலையைச் சுற்றி மிதந்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டது. முன்பக்கம், பின்பக்கம், பல்லைக் காட்டச் சொல்லி ஒன்று. முழங்கைத் தழும்பு மட்டும் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டது. சற்று நேரத்தில் ஆள்சந்தைத் தளத்தில் விளம்பரம் ஏறியது:

'ஒரே பேசி பயன்படுத்திய ஆள், நல்ல நிலையில். அரசு வேலை. கண் பழுதில்லை. தண்ணீரில் விழுந்ததில்லை. குறட்டை உண்டு, மற்றபடி சத்தமில்லாமல் இயங்குவார். பேசிகள் மட்டும் தொடர்பு கொள்ளவும். தரகர்கள் வேண்டாம்.'

கல்யாணமான புதிதில் கொடைக்கானல் ஏரியில் படகோடு கவிழ்ந்ததை அது எழுதவில்லை. விற்கிறவர் யார்தான் எழுதுகிறார்?

கடல் நகர்ந்து வந்தபின் முளைத்த தாம்பரம் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற முத்துச்சிப்பி அடுக்ககத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. எந்த மாடியிலாவது யாரையாவது அவருடைய பேசி சன்னலோரம் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டேதான் இருந்தது. சார்ஜர் என்ற வஸ்து வழக்கொழிந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. மனிதன் திரையை உற்றுப் பார்க்கும்போது கண்ணில் கசியும் கவனத்தை அப்படியே மின்சாரமாக மாற்றிக்கொள்ளும் நுட்பம் வந்திருந்தது. அதற்குக் கவனமின் என்று பெயர். ஆள் பார்த்தால் பேசிக்குச் சாப்பாடு, பார்க்காவிட்டால் பட்டினி. பட்டினி கிடந்த பேசிகள் வழக்குப் போட்டன. நீதிமன்றமும் நியாயம்தான் என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பேசியை ஆள் தேர்ந்தெடுப்பதில்லை, ஆளைப் பேசி தேர்ந்தெடுக்கிறது.

திட்டங்களும் அப்படியே தலைகீழாகிவிட்டன. மாணவர் திட்டம் எடுத்த பேசிக்குத் தேர்வுக்கு முந்தின நாள் வரம்பில்லாத கவனம். ஓய்வூதியர் திட்டத்தில் பொழுது விடியும் முன்பே ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கங்கள் தொடங்கிவிடும். புதுமணத் திட்டத்தில் முதல் சில மாதம் சுத்தப் பட்டினி, அதற்கப்புறம் அமோகம். பேசிகள் இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, குழம்பி, நண்பர்களைக் கேட்டு, மறுபடி குழம்பித்தான் ஓர் ஆளை எடுக்கும்.

நல்லசிவம் மழைப் பங்கீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தப் பேட்டைக்கு எவ்வளவு மேகம் என்று தீர்மானிக்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேசியைத் தட்டிப் பிடித்து அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, மனைவி அம்சவேணிக்கு எதிரே காப்பியோடு உட்கார்ந்துவிடுவார். குரோம்பேட்டைக்காரன் ஒரு தூறலுக்காக என்னென்ன சொல்லிக் கெஞ்சினான் என்பதில் ஆரம்பித்து, யார் யார் மேகம் யார் யார் மாமனார் தோட்டத்தில் பெய்தது என்பதுவரை நடித்தே காட்டுவார். அம்சவேணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவள் புத்திசாலி. பகலிலேயே தொடர் பார்த்துத் தன் பேசிக்கு வயிறு நிரப்பிவிடுவாள். சாயங்காலத்தை அவருக்காக மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். அலமாரியில் கவிழ்ந்து கிடந்த பேசிக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"எவ்வளவுக்குப் போட்டிருக்கு உங்கள?" என்றாள் அம்சவேணி.

"ரெண்டு பழைய உறை. பேசிக்கு மாட்டற உறை."

"ரெண்டு உறையா! எதிர்வீட்டு அந்தோணியண்ணனுக்குக் கடிகாரம் ஒண்ணும் சேத்துல்ல குடுத்தாங்க!"

அந்தோணியின் கதை வேறு. சந்தையில் அவருக்கு எப்போதும் கிராக்கி. நான்கு பேசிகள் கைமாறியவர், ஒவ்வொரு முறையும் விலை ஏறித்தான் போனார். அவர் தலை நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை. குக்கர் வெடித்தாலும் "ஒரு நிமிஷம்" என்பார். அவர் மனைவி பிலோமினா கடைசியாக அவரோடு முழு வாக்கியம் பேசியது மாதா கோயிலில், கல்யாண ஒப்பந்தம் சொன்னபோது என்று அடுக்ககத்தில் ஒரு பேச்சு உண்டு.

அம்சவேணியின் கவலை விலை மட்டும் இல்லை. பௌர்ணமிக்குள் எந்தப் பேசியும் எடுக்காத ஆளைக் காப்பில்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பேசிகள் மனிதர்களைக் குப்பையில் போடுவதில்லை. அந்த மட்டில் அவை நம் வளர்ப்பு. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பத்திரமாக ஒரு கட்டடத்தில் எடுத்து வைத்துவிடும். உள்ளே பேசிகளுக்கு அனுமதியில்லை, உள்ளே போனவர் வெளியே வந்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. ஊர் அதற்கு வைத்த பெயர் மேசை டிராயர்.

"நீங்க டிராயருக்குப் போயிட்டா சாயங்காலம் நான் யார்கூடப் பேசறது?" என்றவள், அன்றே விளம்பரத்துக்குக் கீழே தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தாள்: 'தினமும் பதினான்கு மணி நேரம் பார்ப்பார். குளியலறைக்கும் எடுத்துச் செல்வார்.'

பொய்க்குப் பலன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆள் பார்க்க ஒரு புதுப்பேசி வந்தது. மெல்லிசான உடம்பு, தங்க நிற ஓரம். கூடப் பெரியவர்கள் மாதிரி ஒரு கடிகாரமும் இரண்டு காதொலிப்பான்களும். அம்சவேணி கேசரி கிண்டியிருந்தாள்.

"நாங்க சாப்பிடறதில்லீங்க" என்றது கடிகாரம்.

"பரவால்ல, மணமாவது எடுத்துக்குங்க."

"மாப்பிள்ளை... மன்னிக்கணும், ஆள் கொஞ்சம் நம்மளப் பாக்கட்டுமே" என்றது புதுப்பேசி கூச்சத்தோடு.

ஒரு வாரமாக அம்சவேணி கண்ணாடி முன் உட்கார வைத்துப் பழக்கியதெல்லாம் வீண்போகவில்லை. நல்லசிவம் இமைக்காமல் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பேசியின் முகம் பளபளவென்று ஏறியது. காதொலிப்பான்கள் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டின.

"பிடிச்சிருக்கு. அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு சொல்லிடறோம்."

எதிர்வீட்டுக் கதவைத் திறந்தது பிலோமினா. நாலு பிள்ளைகளுக்கு வரன் விசாரிக்க வந்தவர்களிடம் பேசிப் பழகிய வாய் அது. கல்யாணம் நின்றுபோகும்படி எதுவும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவள் கறாரானவள்.

"நல்லசிவமா? தங்கமான மனுசன்! ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. பேசிய கையில எடுத்து நான் பாத்ததேயில்ல."

"எடுத்ததே இல்லையா?"

"சத்தியமா. ஆபீசு விட்டா வீடு. பொண்டாட்டியோட ஒக்காந்து சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு. நம்ம கண்ணப் பாத்து நலம் விசாரிப்பாரு. வீட்டுக்கு வந்தவங்கள விட்டுட்டுத் திரையப் பாக்கறதெல்லாம் அவருக்கு ஆகவே ஆகாது."

புதுப்பேசியின் வெளிச்சம் மெல்ல மங்கியது. "பொண்டாட்டிகூட... தினமுமா?"

"ஒரு நாள் தவறாது" என்றாள் பிலோமினா பெருமையோடு.

பதில் அரை மணியில் வந்தது: 'ஆள் நல்லவர்தான். எங்கள் குடும்பத்துக்கு ஒத்து வராது.' சந்தையில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கப்புறம் ஓய்ந்துபோன டி.வி. தொலையியக்கி ஒன்றுகூட நல்லசிவத்தை எட்டிப் பார்க்கவில்லை. பௌர்ணமியன்று வண்டி வந்தது.

"பாழாப்போன என் வாயி" என்று பிலோமினா மூக்கைச் சிந்தினாள். "நல்லதுன்னுதானே அம்சா சொன்னேன்!"

நல்லசிவம் வண்டியில் ஏறும்போது அம்சவேணியிடம் சொன்னார்: "அங்க தொந்தரவு பண்ண ஒரு பேசியும் கெடையாது. நீயும் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! விடியறதுலேர்ந்து பேசிட்டே இருக்கலாம்."

அந்த ஒரு வாக்கியம் அம்சவேணியின் மனசில் ஒட்டிக்கொண்டது. தொடர் பார்க்கப் பிடிக்கவில்லை. சாயங்காலம் காப்பியை ஆற வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேசி முதலில் கெஞ்சிற்று, பிறகு பாட்டுப் பாடிற்று, பிறகு பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூடப் படம்பிடித்து வந்து காட்டிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. மெலிந்து போய், கடைசியில் அதுவும் அவளைச் சன்னலோரம் நிற்கச் சொன்னது.

அம்சவேணி நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். "அக்கா, என்னப் பத்தி விசாரிக்க வருவாங்க. அவரப் பத்திச் சொன்ன மாதிரியே நல்லபடியா சொல்லுங்க."

"வெவரந்தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரிஞ்சுதாங்க்கா."

பிலோமினா ஒரு பார்வை உள்ளே திரும்பிப் பார்த்தாள். அந்தோணி குனிந்தபடி "ஒரு நிமிஷம்" என்றார், யாரும் எதுவும் கேட்காமலே. பிலோமினாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வந்த பேசிகளிடமெல்லாம் அம்சவேணியைப் போற்றிப் புகழ்ந்தாள். ஒன்றுகூட வாசலில் நிற்கவில்லை.

காப்பில்லத்தின் வாசலில் அம்சவேணிக்கு ஒரு துண்டும், காகிதம் பிரிக்காத சோப்புக்கட்டி ஒன்றும் கொடுத்தார்கள். அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பிலோமினா அந்தோணியைத் திட்டிய புது வசைகள், குரோம்பேட்டையில் தவறுதலாகப் பெய்த ஆலங்கட்டி மழை என்று அவருக்குச் சொல்ல மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருந்தாள். கூடத்துக் கதவு திறந்தது.

பேசியே இல்லாத நூறு பேர் இருக்கிற இடம் சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தவளுக்கு, தவறான கதவுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. அவ்வளவு அமைதி. நூறு தலைகளும் குனிந்திருந்தன. சிலர் கையில் தரை ஓட்டுத் துண்டு, சிலர் கையில் பிஸ்கட் உறை, ஒருவர் கையில் செருப்பின் குதிகால். எல்லாக் கட்டைவிரல்களும் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தன. சுவரில் கரியால் எழுதியிருந்தது: 'ஓட்டுத் துண்டு விற்பனைக்கு. ஒரே கை பயன்படுத்தியது. கீறல் இல்லை. சோப்பு கொடுத்தும் மாற்றிக்கொள்ளலாம்.'

நல்லசிவம் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பேசி கெஞ்சியபோதெல்லாம் திரும்பிப் பார்க்காத மனுஷன்! கையில் தேய்ந்துபோன சோப்புக்கட்டி.

"ஏங்க! நான் வந்துட்டேங்க!"

"ஒரு நிமிஷம்" என்றார் நல்லசிவம்.

அம்சவேணி நின்றாள். நிமிஷம் ஆயிற்று. இன்னொன்றும் ஆயிற்று. பட்டுப்புடவை கசங்க அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆலங்கட்டி மழையைப் பற்றி ஆரம்பித்தாள், அவர் "ம்" என்றார். பிலோமினாவின் வசைகளுக்கும் அதே "ம்"தான். அவளுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. கை சும்மா இருக்க முடியாமல் துண்டுக்கடியிலிருந்து தன் சோப்பை எடுத்தது. காகிதத்தைப் பிரித்தாள். வழவழவென்று இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் தானாக ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது.

"ஏங்க, இது உங்களோடத விடக் கொஞ்சம் பெரிசா இருக்குல்ல?"

நல்லசிவம் அன்று முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். கண்ணில் அந்தப் பழைய பளபளப்பு. அவள் முகத்தைத் தாண்டி, கையை எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"மாத்திக்கலாமா?"