ஈரக் கால்தடம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவைச் சாத்த வேண்டாம்; நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது. பயந்தால் என் விரலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே, அச்சில் வார்த்தது போன்ற வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு. அதன் கடைசி வீட்டுக்கு ஒரு தையல்காரி கணவனோடு குடிவந்தாள். அவன் கெட்டவன் இல்லை. எதையும் அவளைக் கேட்காமலே முடிவு செய்வான், அவ்வளவுதான். இனி எதற்குத் தைத்துக் கஷ்டப்பட வேண்டும் என்று அவள் மெஷினைப் பின்னறையில் தள்ளிப் போர்வையால் மூடினான். பரவாயில்லை என்றாள். தோழிகள் தூரமாகிப் போனார்கள். அதற்கும் பரவாயில்லை.

காலையில் கார்களெல்லாம் கிளம்பிவிட்டால் தெருவே மூச்சை அடக்கிக்கொள்ளும். ஒருநாள் அந்த அமைதியில், சமையலறையில் ஒரு குரல்.

"பரவாயில்ல..."

அவள் வாயைத் திறக்கவே இல்லை.

கழுத்தோரம் சோப்புத்தண்ணீர் வாடையோடு ஒரு குளிர் படர்ந்தது. துடைத்த தரையில் ஈரக் கால்தடங்கள், பாத்திரம் கழுவும் தொட்டிவரை போய் நின்றிருந்தன. அவள் பாதத்தைவிடப் பெரியவை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மெல்ல விசாரித்தாள். முன்னே இருந்தவள் தங்கமான பொம்பளை, ஒரு சத்தம் வெளியே வந்ததில்லை, பாத்திரம் கழுவியபடியே போய்ச் சேர்ந்துவிட்டாள், சாயங்காலம்வரை யாருக்கும் தெரியவில்லை என்றாள் அக்கா.

நாளாக ஆக அந்தத் தடம் அழுத்தமாகியது. ஒருநாள் தையல்காரி ஈரத்தரையில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் தடம் இல்லை.

ஓங்கி மிதித்தாள்.

அப்போதும் இல்லை.

அன்று மாலை கணவன் டீ குடித்தபடி, மெஷினைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டதாகவும் காலையில் வண்டி வருமென்றும் சொன்னான். "சும்மாதானே கெடக்கு. உனக்கொண்ணும் இல்லையே?"

சோப்பு வாடை அறையை நிறைத்தது. ஈர விரல்கள் அவள் தாடையைப் பிடித்து மெதுவாகத் திறந்தன. காதுக்குள் ஒரு கெஞ்சல்.

"பரவாயில்லன்னு சொல்லிடும்மா. சொல்லிட்டா வலிக்காது."

பாவம், அந்த ஆத்மாவுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

தையல்காரி அந்தக் கையை விலக்கினாள்.

"குடுக்க முடியாதுங்க. அது என் மெஷின். நாளையிலேருந்து தைக்கப் போறேன்." பிறகு வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்களும் விடுங்கக்கா. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

கணவன் கையிலிருந்த டீ தரையில் கொட்டியது. அவள் அதை மிதித்தபடியே பின்னறைக்குப் போனாள். அவள் பாதங்கள் ஒவ்வொன்றாய்ப் பளிச்சென்று பதிந்தன. அவற்றை ஒட்டி, இன்னொரு ஜோடியும். அதைப் பார்த்தவன் அப்புறம் தங்கையின் பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள் வண்டி வெறுமனே திரும்பியது. மெஷின் வாசல் ஜன்னலோரம் வந்தது. மதியம் தண்ணீர் குடிக்க அவள் எழுந்து போனாள்.

மெஷின் நிற்கவில்லை.

அதன் மிதிப்பலகையில் ஈரம் சொட்டியது. துணி தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

"ஓரத்த மடிச்சுத் தைங்கக்கா," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

போய்வாருங்கள், செல்லங்களே. உங்கள் வீட்டு விளக்கு என்றும் எரியட்டும். அந்த வெளிச்சத்தில் யாரும் எதையும் தொண்டைக்குள் விழுங்காமல், வாய்விட்டுப் பேசி, நீடூழி வாழட்டும்.