சுரங்க லாரியின் அதிர்வுண்ணி

"அம்மா, விசாரிக்கிறதுன்னா என்ன?"

செல்லம் இப்படிக் கேட்டபோது கோமளவல்லி அதை வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. செல்லம் அவள் வீட்டுக் கார். செவ்வாயில் கார் பேசுவது அதிசயமில்லை. கேள்வி கேட்காத காரைத்தான் பழுதென்று பட்டறைக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு வழக்கறி மூளை உண்டு. பின்சீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்டுக் கேட்டு அது அந்த வீட்டின் வழக்கங்களைக் கற்றுக்கொள்ளும். யார் வீட்டு வாசலில் நின்று நலம் கேட்க வேண்டும், யார் வீட்டு வாசலை வேகமாகக் கடக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே அதற்குத் தெரியும்.

கோமளவல்லி சிரித்துக்கொண்டே, "நம்மளோட வந்து சேரப்போறவங்க எங்கேருந்து வர்றாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிறது" என்றாள். சொன்னதை அன்றே மறந்தும் போனாள்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது அவள் கவலையெல்லாம் கணவர் ஞானசம்பந்தத்தைப் பற்றித்தான். முதுகெலும்பு நழுவிப் படுத்துவிட்டார். நாளைக் காலை வடக்குக் கூடத்து மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. கூடம் என்பது காற்றடைத்த கண்ணாடிக் கவிகைக்குள் அடங்கிய ஓர் ஊர். இந்தக் கூடத்துக்கும் வடக்குக் கூடத்துக்கும் நடுவே காய்ந்துபோன ஆற்றுப்படுகை. முழுக்க உருண்டைக் கல். மருத்துவமனை வண்டியோ புழுதிப்புயலில் சிக்கி எங்கோ நின்றுகொண்டிருந்தது. செல்லத்தின் பின்பக்க அதிர்வுண்ணியும் உடைந்து கிடந்தது. பூமியில் ஷாக் அப்சார்பர் என்பார்களே, அதன் வழியில் வந்ததுதான் அதிர்வுண்ணி. வரும் கல்லை முன்கூட்டியே பார்த்துச் சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்கும். அது இல்லாமல் போனால்? "ஒரு குலுக்கல் போதும்மா, ரெண்டு காலும் விளங்காம போயிடும்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

புதிய உதிரி பூமியிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். கோமளவல்லி பழைய உதிரிக் கடைகளெல்லாம் அலைந்தாள். ஒன்று நீளம் குறைவு. ஒன்றில் எண்ணெய் கசிந்தது. புதிதுபோல மின்னிய இன்னொன்றுக்கு உள்ளே சுருள் முறிந்திருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவளிடம் மகள் இளவெயினி, முகத்தைப் பார்க்காமல், "வில்லவன்கிட்ட ஒண்ணு இருக்காம்" என்றாள்.

வில்லவன் சுரங்கக் கூடத்துப் பையன், இளவெயினியோடு படித்தவன். போன மாதம் பெண் கேட்டு வந்து, கோமளவல்லியிடம் முடியாது என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனவன். அவனிடமா போய் நிற்பது என்று அவள் யோசித்தாள். உள்ளே கணவர் முனகுவது கேட்டது.

"வரச் சொல்லு" என்றாள்.

அவன் வந்தான். கழித்துப்போட்ட சுரங்க லாரி ஒன்றிலிருந்து கழற்றி, பளிச்சென்று துடைத்து எடுத்து வந்திருந்தான். "அளவு அப்படியே ஒத்துப்போகுதுங்க அத்தை" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஒத்துப்போகுதும்மா" என்று திருத்தினான். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து இணைப்பைச் செருகினான்.

ஒவ்வோர் உதிரியிலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லும் சில்லு ஒன்று இருக்கும். செல்லம் அதைப் படித்தது.

"நீளம் சரி. பலம் நான் கேட்டதுக்கு மேலயே இருக்கு. குறை ஒண்ணும் இல்ல" என்றது. "ஆனா வேண்டாம்மா."

"ஏன்?"

"சுரங்க லாரியில ஓடினது. நமக்குச் சரிப்படாது."

கோமளவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. "மனுஷன் வலியில துடிக்கிறப்போ இது என்னடா பேச்சு? எங்க ஓடினா என்ன? தாங்குமா தாங்காதா, அதை மட்டும் சொல்லு!"

"நல்லாவே தாங்கும். இருந்தாலும் நாளைக்கு நாலு கார் முன்னாடி நான் தலை நிமிர்ந்து நிக்க வேண்டாமா?"

வண்டியில் ஏற்றுவதற்காக வாசலுக்குக் கொண்டுவந்து படுக்கையோடு கிடத்தியிருந்த ஞானசம்பந்தம் அந்த வலியிலும் சிரித்துவிட்டார். "கோமளா, யாரு இதுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

"அம்மாதான்" என்றது செல்லம், பெருமையாக. "போன மாசம் கோயிலுக்குப் போறப்போ பின்சீட்டுல இளவெயினிகிட்ட சொன்னாங்க. 'படிப்பு சரி, குணம் தங்கம், குறை ஒண்ணும் இல்ல. ஆனா சுரங்கக் கூடம். நமக்குச் சரிப்படாது. நாலு பேர் முன்னாடி தலை நிமிர்ந்து நிக்க வேண்டாமா'ன்னு. நான் ஒரு வார்த்தையும் மறக்கலம்மா."

வண்டிக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றுபோயிருந்தது.

"வீட்டு வழக்கத்தை மாத்தணும்னா நீங்க வாயால சொல்லணும்" என்றது செல்லம். "மாத்திடட்டுமாம்மா? எல்லாத்துக்கும், எப்பவும்?"

ஒரு மாதமாக முகம் கொடுக்காத மகள் இப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமளவல்லி வாயைத் திறந்தாள். அடுத்த வீட்டுக் கார் முகப்பு விளக்கைத் தாழ்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

"இதுக்கு மட்டும்" என்றாள், குரல் இறங்கி. "இப்போதைக்கு மட்டும்."

"சரிம்மா. ஏத்துக்கிட்டேன்."

ஸ்பானர் சத்தம் மறுபடி கேட்டது. வேலையை முடித்து எழுந்த வில்லவன் வண்டியின் பின்புறத்தை இரு கையாலும் அழுத்தினான். அது தாழ்ந்து, மூச்சு விடுவதுபோல மெல்ல எழுந்தது. திருப்தியில்லாமல் மீண்டும் குனிந்து ஒரு மறையை இறுக்கினான். படுக்கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தான். ஞானசம்பந்தத்தின் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தலையணையைச் செருகினான். அவர் அவன் கையைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

"தம்பி…" என்றாள் கோமளவல்லி.

வில்லவன் அவர் கையை மெதுவாக விடுவித்தான். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். இளவெயினியைக் கடந்து, கோமளவல்லியைக் கடந்து நடந்து போனான்.