கடைசி வரிசைக்கு ஒரு பெயர்

செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. ஹுனான் மாகாணத்து மலையடிவாரச் சிறுநகரம் ஒன்றின் தொடக்கப் பள்ளி வாசலில் ஃப்ளோர்தெலிஸா வந்து இறங்கியபோது மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. பழைய நான்கு மாடிக் கட்டடத்தின் சுவர்களில் ஈரம் திட்டுத்திட்டாக ஏறியிருந்தது. நடைவழி நெடுகத் தரை துடைக்கும் துணியின் புளித்த வாடை.

சீனாவில் இது அவளுக்கு ஆறாவது வருடம், மூன்றாவது பள்ளி. பிலிப்பைன்ஸில் இலோயிலோ ஊர்க்காரி. ஃப்ளோர் என்றால் பூ என்று யாரோ ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து, போகிற பள்ளியிலெல்லாம் சீனத்தில் பூ என்று பொருள்படும் 'ஹுவா'தான் அவள் பெயர். ஃப்ளோர் என்று அவளைக் கூப்பிட இந்த நாட்டில் ஒருவருமில்லை. ஊரிலிருந்து போன் பேசும் தெல்மா அக்கா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். அந்த அக்காவிடம்தான் ஃப்ளோரின் ஒன்பது வயது மகள் ரோவெனா வளர்ந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் வகுப்பு இரண்டாம் பிரிவின் வகுப்பாசிரியை ச்சியூ மின் அவளைப் படியிலேயே பிடித்துக்கொண்டாள். முப்பது வயதைத் தாண்டியவள், கலகலப்பானவள்.

"ஹுவா, சாப்டியா? எங்க ஊரு மிளகாய் தாங்குவியா, இல்ல முதல் நாளே அழுதுட்டு ஓடிருவியா?"

"ஆறு வருஷமா அழுதுகிட்டேதான் சாப்பிடறேன். ஓடலையே."

"அப்ப நீ தேறிடுவே. வா, என் வானரங்களைக் காட்டறேன்."

புது வகுப்பில் வெளிநாட்டு ஆசிரியையின் முதல் வேலை, பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் வைப்பது. ச்சியூ மின் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

"டீச்சர், எனக்கு டைனோசர்னு வைங்க!"

"டைனோசர் பேரு இல்லடா."

"அப்ப டிராகன்?"

"உனக்கு ஆஸ்கர். உட்காரு."

சிரிப்பும் சண்டையுமாக ஒரு மணி நேரம் ஓடியது. கையிலிருந்த பெயர்களெல்லாம் தீர்ந்த பிறகுதான், கடைசி வரிசையில் ஜன்னலோரம் ஒரு சிறுமி எழுந்து நிற்பதை ஃப்ளோர் கவனித்தாள். மெலிந்த உடம்பு, அளவுக்கு மீறிய பழைய சட்டை. கன்னத்தில் மேசை விளிம்பின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. உறங்கி எழுந்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடுகிற தடம். காலை ஒன்பது மணிக்கே தூக்கமா என்று ஃப்ளோருக்குச் சிரிப்பு வந்தது.

"நீ மட்டும் பாக்கியா? உன் பேரென்ன?"

சிறுமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பு சட்டென்று அடங்கிப்போயிற்று. பிள்ளைகள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு ஃப்ளோரைப் பார்த்தார்கள்.

"யாரைக் கேக்கறீங்க டீச்சர்?" என்றான் ஆஸ்கர்.

குறும்பு என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சிறுமியின் கண்களில் ஒரு பசி இருந்தது. மகளைப் பார்த்துப் பதினான்கு மாதமான ஒரு தாய்க்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. யோசிக்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

"ரோவெனா. என் பொண்ணு பேரு. உனக்கே வச்சுக்கோ."

சிறுமியின் உதடுகள் அந்தப் பெயரை ஓசையில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தன.

மாலையில் ச்சியூ மின் பெயர்ப் பட்டியலை எண்ணிப் பார்த்து, "ஐம்பத்திரண்டு எழுதியிருக்கே. என் வகுப்புல ஐம்பத்தொண்ணுதான். மிளகாய் கண்ணைக் கட்டிருச்சா?" என்று சிரித்தாள். ஃப்ளோரும் சிரித்துவிட்டாள். பக்கத்து வகுப்புப் பிள்ளை ஏதாவது வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பள்ளியில் மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு ஒலிபெருக்கியில் மெல்லிய இசை வரும். நீலத் திரைகளை இழுத்துவிடுவார்கள். பிள்ளைகள் மேசைமேல் கையை மடித்துத் தலை சாய்த்ததும், ஆசிரியைகள் நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொள்வார்கள். வாயிற்காவலரும், சமையற்கட்டில் இருப்பவர்களும்கூட அப்போது உறங்குவார்கள். ஒன்று ஐம்பதுக்கு மணி அடிக்கும்வரை கட்டடம் முழுக்க மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஃப்ளோருக்குப் பகல் தூக்கம் பழக்கமில்லை. அதனால் மதியக் காவல் அவள் தலையில் விழுந்தது.

புதன்கிழமை மதியம். திரைத்துணி வழியே வந்த வெளிச்சத்தில் அறை குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல இருந்தது. ஐம்பத்தொரு தலைகள் கவிழ்ந்திருந்தன.

ஒரு தலை மட்டும் நிமிர்ந்திருந்தது.

கடைசி வரிசை, ஜன்னலோரம்.

"தூங்கும்மா," என்று கிசுகிசுத்தாள் ஃப்ளோர்.

சிறுமி தலையை மெல்ல ஆட்டினாள். "முடியாது. தூங்கினா எழுந்திருக்க மாட்டேன்."

அவள் பேசியது சீனம் அல்ல. இலோயிலோவில் ஃப்ளோரின் தெருவில் பேசுகிற மொழி.

புளித்த துணி வாடை குப்பென்று எழுந்தது. ஃப்ளோர் கண்ணை இறுக மூடித் திறந்தபோது அந்த இருக்கை காலியாக இருந்தது.

அன்று மாலை தெல்மா அக்கா கூப்பிட்டாள்.

"ஃப்ளோர், நீ பதறாதே. ரோவெனா இன்னிக்கு ஸ்கூல்ல மத்தியானம் அப்படியே தலை சாஞ்சு தூங்கிட்டாளாம். டீச்சர் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டும் எழுந்திரிக்கலையாம்."

"எத்தனை மணிக்குக்கா?"

"பன்னிரண்டே முக்கா இருக்கும். ஏன்?"

இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான்.

மறுநாள் மதியம் ரோவெனா இரண்டு மணி நேரம் தூங்கினாள். அதற்கடுத்த நாள் நான்கு மணி நேரம். விழித்திருக்கும்போதும், "ரோவெனா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையாம். உலுக்கிக் கேட்டால், "அது நான் இல்ல பெரியம்மா" என்கிறாளாம். மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை தூங்கியவள் புதன் காலை ஆகியும் எழவில்லை.

தெல்மா கைபேசியைக் குழந்தையின் முகத்தருகே பிடித்துக் காட்டினாள். மெத்தென்ற தலையணைமேல் கிடந்தாள் ரோவெனா. அவள் கன்னத்தில் மேசை விளிம்பின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

ஃப்ளோர் ஊருக்குக் கிளம்ப வழி கேட்டுக் குடியேற்ற அலுவலகத்துக்கு ஓடினாள். வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் வர இன்னும் ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். கெஞ்சினாள், அழுதாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அவளுக்கு ஒரு குவளை வெந்நீர் கொடுத்தாள். அதற்கு மேல் அவளாலும் எதுவும் செய்ய முடியவில்லை.

பள்ளிக்குத் திரும்பி, ஆசிரியர் அறையில் ச்சியூ மின்னின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். பைத்தியம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

ச்சியூ மின்னின் முகம் வெளுத்தது.

"ஜன்னலோரமா?"

"ஆமா."

"சட்டை... கை நீளமா, மடிச்சு விட்டிருக்குமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது என் சட்டை." ச்சியூ மின் உட்கார்ந்துவிட்டாள். "அவ என் தங்கச்சி, ஹுவா."

ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்று சட்டம் இருந்த காலம். இரண்டாவதாகப் பிறந்தவளை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றவில்லை. பெயர் வைத்தால் யாராவது வாய் தவறிக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அப்பா பெயரே வைக்கவில்லை. அக்காவோடு பள்ளிக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். அப்போதிருந்த ஆசிரியை கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

"நாங்க அவளை 'ஏய்'னுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் மத்தியானம் காய்ச்சல்னா. 'சும்மா கிட, தூங்கு'ன்னேன். மணி அடிச்சப்ப எல்லாரும் எழுந்தாங்க, அவ எழுந்திரிக்கல. பின்வாசல் வழியா அப்பா தூக்கிட்டுப் போனார். சமாதிக் கல்லுல எழுதவும் ஒரு பேரு இல்ல." அவள் ஃப்ளோரின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "இந்த வகுப்பை நான் கேட்டு வாங்கினேன். ஏழு வருஷமா மத்தியானம் மத்தியானம் உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஒரு தடவையாவது தெரியணும்ல? உனக்குத் தெரியறா. எப்படி இருக்கா? ஒல்லியாவே இருக்காளா?"

"உன் தங்கச்சி என் பொண்ணை எடுத்துக்கிட்டிருக்கா, மின்! நீ ஒரு பேரு வை. நீ வச்சா வாங்கிப்பா."

அன்று மதியம் இருவரும் வகுப்பில் காத்திருந்தார்கள். இசை நின்றது. தலைகள் கவிழ்ந்தன. மூச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே மூச்சாயின.

வாடை வந்தது.

"இருக்கா," என்றாள் ஃப்ளோர்.

ச்சியூ மின் காலியான இருக்கையின் முன் மண்டியிட்டாள். இருபது வருடமாக மனத்துக்குள் வைத்திருந்த பெயரைச் சொன்னாள். "யுன்ஷூ... தங்கச்சி... அக்கா வந்திருக்கேன் பாரு."

சிறுமி அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பார்வை ஃப்ளோர்மீதே இருந்தது.

"திரும்பினாளா?" ச்சியூ மின் கேட்டாள். "கேக்குதா அவளுக்கு?"

ஃப்ளோர் இல்லை என்று தலையசைத்தாள். ச்சியூ மின் முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள்.

"எனக்குத்தான் பேரு இருக்கே," என்றது குழந்தை. "நீங்கதானே வச்சீங்க."

"அதைத் திருப்பிக் கொடும்மா. தப்பாக் கொடுத்துட்டேன். அது இன்னொரு குழந்தையோடது."

"கொடுத்தா நான் மறுபடியும் ஏய் ஆயிடுவேன்."

கைபேசி அதிர்ந்தது. தெல்மா. மூச்சு குறைகிறது, டாக்டர்கள் ஓடிவருகிறார்கள், நீ ஏதாவது பேசு, உன் குரலையாவது கேட்கட்டும் என்று அக்கா அலறினாள்.

ஃப்ளோருக்கு யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

"என்னோடதை எடுத்துக்கோ. ஃப்ளோர்தெலிஸா. இந்த ஊர்ல எனக்கு அது தேவையே இல்ல. எடுத்துக்கிட்டு என் குழந்தையோடதை விட்டுடு."

சிறுமி முதல் தடவையாகச் சிரித்தாள். அவள் கன்னத்துத் தடம் நீர்மேல் போட்ட கோடுபோல அழிந்தது.

இருக்கை காலியானது.

கைபேசியில் அலறல் நின்றது. ஏதோ உருண்டு விழுகிற சத்தம். பிறகு தெல்மா சிரிப்பதும் அழுவதும் ஒன்றாகக் கேட்டன. "எழுந்துட்டா! கண்ணைத் திறந்துட்டா! தண்ணி கேக்கறா, பேரைச் சொன்னா திரும்பறா! ஃப்ளோர்... கேக்குதா? ஃப்ளோர்!"

"அக்கா," என்று சொல்ல ஃப்ளோர் வாயைத் திறந்தாள்.

"கேக்குதுக்கா," என்றது குரல்.

அவள் குரலேதான். அவள் தொண்டையிலிருந்து வரவில்லை.

"அப்பாடா! ரோவெனாகிட்ட கொடுக்கறேன், பேசு."

"அக்கா, அது நான் இல்ல! நான் இங்க இருக்கேன்! அக்கா!" ஃப்ளோர் கத்தினாள். ச்சியூ மின் திடுக்கிட்டு எழுந்தாள். முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் விழித்துக்கொண்டு மிரள மிரளப் பார்த்தார்கள்.

இலோயிலோவில் அந்தக் கத்தல் யார் காதிலும் விழவில்லை.

"அம்மா?" ரோவெனாவின் சோர்ந்த சின்னக் குரல்.

"சொல்லும்மா கண்ணு," என்றது அந்தக் குரல்.

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா. உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். நீ வரவே இல்ல."

ஃப்ளோர் கைபேசியை இரு கையாலும் வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மகளின் பெயரைச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுமுனையில் குழந்தை அமைதியாக வேறு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இனிமே பயமில்ல. அம்மா ஊருக்கே வந்துடறேன்."

"நிஜமாவா? எப்பம்மா?"

"இப்பவே கிளம்பிட்டேன்," என்றது குரல். "மத்தியானம் எல்லாரும் தூங்கறப்ப வருவேன். வாசக் கதவைத் தாழ் போடாம வை."