ஜன்னல் வெட்டாத வீடு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். சுவரில் மட்டும் சாயாதீர்கள்.

ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்கா காகிதக்கூழில் பொம்மை வீடுகள் செய்கிறவள். தங்கைக்கு வெளியூரில் வேலை கிடைத்து, மறுநாள் கிளம்பவேண்டும். அவளிடம் கொடுத்தனுப்ப, தாங்கள் பிறந்து வளர்ந்த அந்த வீட்டையே கூடத்து மேஜைமேல் முழ உயரத்துக்குச் செய்துகொண்டிருந்தாள் அக்கா. கூழைத் தட்டி, நகத்தளவுச் செங்கல்லாக அறுத்து, காவி பூசி, மைதாப் பசையில் வரிசை வரிசையாக ஒட்டினாள். முதலில் சுவர் முழுக்கக் கல். காய்ந்த பிறகுதான் கதவும் ஜன்னலும் வெட்டுவாள். அப்போதுதான் ஓரம் பிசிறில்லாமல் வரும்.

"ஏய், உன் ரூம் சுவர் முடியப்போகுதுடி. வந்து பாரேன்."

"பெட்டி அடுக்கிட்டிருக்கேன்க்கா," என்றது உள்ளறைக் குரல். "ஜன்னலைச் சின்னதா வச்சிடாதே, மூச்சு முட்டும்."

"மகாராணிக்கு அரண்மனை ஜன்னலே வைக்கறேன், போ!"

கூரை முன்பே வைத்தாயிற்று; மீதி இருந்த ஒரே ஓட்டைக்கான கடைசிக் கல்லைச் சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். இவள் போகாமலே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. கல்லைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

தரையில் ஏதோ குறைந்தது. தங்கையின் அறையிலிருந்து கூடம் வரை மதியம் முழுக்க நீண்டு கிடக்கும் வெயில் பட்டை இல்லை. ஈரக் காகித வாடை மூக்கில் ஏற, சுவரைத் தடவிக்கொண்டே போனாள். தடவிய கை கதவு இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டியும் சுவரிலேயே போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, கரண்ட் போயிடுச்சா?"

குரல் அறையிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. மேஜையிலிருந்து.

ஓடிவந்து கத்தியை எடுத்தாள். ஜன்னலுக்கான இடத்தில் முனையை வைத்தாள்.

"என்னக்கா சத்தம்? கத்தியா? வேண்டாம்க்கா! சுவரை ஒட்டித்தான் நிக்கறேன். நகர இடமே இல்ல."

கத்தி கீழே விழுந்தது. விரலில் தண்ணீர் தொட்டு ஒரு கல்லை நனைத்தாள். கல் குழைந்து, கூழ் உள்பக்கமாகப் பிதுங்கியது. உள்ளே இருமல். நெடுநேரம் இருமல். பதறித் துணியால் ஒற்றி எடுத்தாள்.

கூழ் காயக் காயச் சுருங்கும். அது அவளைவிட யாருக்குத் தெரியும்? மேஜைமேல் வெயில் சுள்ளென்று அடித்தது. குனிந்து, தன் உடம்பையே நிழலாக்கி வீட்டை மூடிக்கொண்டாள். முதுகு எரிந்தது. உடம்புச் சூடே போதும் என்பதுபோல் கல் ஒவ்வொன்றும் வெளிறியது.

டக்.

"அக்கா, சுவர் கிட்ட வருது."

டக்.

"அக்கா."

இரண்டு கல்லுக்கு நடுவே மயிரிழை விரிசல். அதிலிருந்து அரிசிமணி அளவு விரல் ஒன்று வெளியே வந்து காற்றில் துழாவியது. அக்கா தன் சுண்டுவிரலை நீட்டினாள். பற்றிக்கொண்டது.

டக்.

குரல் நின்றுவிட்டது. விரல் மட்டும் விடவில்லை.

இன்னும் விடவில்லை.

போய்ப் படுங்கள், என் செல்லங்களே. உங்கள் வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தே இருக்கட்டும். உள்ளே போனவர்கள் ஒருவர் குறையாமல் வாசல் வழியாக வெளியே வரட்டும்.